அழகுக்கலைப் பயிற்சி நிலையங்கள்: நேரில் பார்த்தவற்றைக் கொண்டு ஒரு மதிப்பீடு

அழகுக்கலைப் பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தாள்களை வரிசையாக வைத்துப் படித்தால், பெயரை மறைத்துவிட்ட பிறகு எது எந்த நிலையம் என்று சொல்வது கடினம். எல்லாவற்றிலும் சர்வதேச அங்கீகாரம், அனுபவம் மிக்க ஆசிரியர்கள், நவீனக் கருவிகள், வேலைவாய்ப்பு உதவி என்ற அதே நான்கு வாக்குறுதிகள்தாம் இருக்கின்றன. வேறுபாடு தெரிவது செய்முறை வகுப்பு நடக்கும் அறைக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும்போதுதான். சொந்தமாக ஒரு அழகு நிலையம் நடத்துபவள் என்பதாலும், என்னிடம் வேலை கற்க வரும் இளம்பெண்களை முறையான தகுதிக்கு அனுப்ப வேண்டியிருப்பதாலும், பல பயிற்சி நிலையங்களுக்கு நேரில் சென்று வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் மூன்று வகையானவற்றை இங்கே மதிப்பிடுகிறேன்: முழுநேர டிப்ளமோ நடத்தும் ஒரு நிலையம், கருவி விற்கும் நிறுவனம் ஒன்று நடத்தும் அகாடமி, இணையவழிப் பாடத்தோடு சில நாள் செய்முறையைச் சேர்த்துத் தரும் ஒரு குறுகிய காலப் படிப்பு. எதன் பெயரையும் குறிப்பிடவில்லை. இவற்றில் நான் கண்ட நிறைகுறைகள் அந்தந்த வகையைச் சேர்ந்த பிற இடங்களிலும் பெரும்பாலும் இருப்பவையே.

முதலில் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சேர்பவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். பாடம் நடத்துபவர் ஒருவர், தகுதியை வழங்குபவர் இன்னொருவர். பயிற்சி நிலையம் வகுப்பு நடத்துகிறது. பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் வகுத்து, நிலையத்தை ஆய்வு செய்து, சான்றிதழில் முத்திரை பதிப்பது வேறொரு அமைப்பு. 1878-இல் தொடங்கப்பட்ட சிட்டி அண்ட் கில்ட்ஸ், 1946-இல் தொடங்கப்பட்ட சிடெஸ்கோ போன்றவை அத்தகைய அமைப்புகள். சிடெஸ்கோவின் அழகுச் சிகிச்சை டிப்ளமோவுக்குக் குறைந்தது 1200 மணி நேரப் பயிற்சி தேவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், சில வாரங்களில் அதற்கு ஈடான தகுதி கிடைக்கும் என்று யாராவது சொல்லும்போது அந்தக் கணக்கு எப்படிச் சரிவரும் என்று கேட்கத் தோன்றும். மாறாக, நிலையமே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ், தொடர் தொழில்மேம்பாட்டு வகுப்பில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ், முறையான தகுதிச் சான்றிதழ் ஆகிய மூன்றும் ஒரே மாதிரித் தங்க நிற ஓரத்தோடு சட்டமிட்டு வரவேற்பறைச் சுவரில் அருகருகே தொங்குகின்றன. முதலாவது அந்த நிலையத்தின் நற்பெயர் எவ்வளவோ அவ்வளவே மதிப்புடையது. இரண்டாவது ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் தம் அறிவைப் புதுப்பித்துக்கொண்டார் என்பதற்கான அடையாளம். மூன்றாவது மட்டுமே புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு அடிப்படைத் தகுதியாக நிற்கும்.

இதைச் சரிபார்க்க ஒரு நேரான வழி இருக்கிறது. எந்த அமைப்பின் பெயரைச் சொல்லிச் சேர்க்கிறார்களோ அந்த அமைப்பிடமே எழுதிக் கேட்கலாம்: இந்த நிலையம் உங்கள் அங்கீகாரம் பெற்றதா, குறிப்பாக இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா? இரண்டாம் கேள்வியை விட்டுவிடக் கூடாது. முடி அலங்காரப் படிப்புக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற ஒரு நிலையம் அந்த முத்திரையைத் தன் எல்லாப் படிப்புகளின் விளம்பரத்திலும் பயன்படுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். நான் பாராட்டும் முழுநேர நிலையத்தில் இதைக் கேட்டபோது, அலுவலகத்தில் இருந்தவர் தயங்காமல் அங்கீகரித்த அமைப்பு நிலையத்துக்குத் தந்த மைய எண்ணையும், படிப்பு வாரியான அங்கீகாரக் கடிதங்களையும், அண்மையில் வந்துபோன வெளி ஆய்வாளரின் அறிக்கையையும் எடுத்து மேசையில் வைத்தார். அந்த அறிக்கையில் இரண்டு குறைகளும் சுட்டப்பட்டிருந்தன. அவற்றையும் மறைக்காமல் காட்டியது அந்த இடத்தின் மீது எனக்கு நம்பிக்கையை வளர்த்தது.

இனி வகுப்பறை. அன்று வாக்ஸிங் பாடம் நடந்துகொண்டிருந்தது. பத்துக்கும் குறைவான மாணவிகள், இரண்டு ஆசிரியைகள். ஒரு மாணவி தன் தோழியின் முன்கையில் முடி வளரும் திசையிலேயே மெழுகைத் தடவினாள், துணிப்பட்டையை அழுத்தினாள், மறு கையால் தோலை இறுக்கிப் பிடிக்காமலேயே மேல்நோக்கித் தூக்கி இழுத்தாள். தோழி முகம் சுளித்தாள். பாதி முடி வேரோடு வராமல் இடையில் அறுந்து நின்றது. “மேடம், மெழுகு ஆறிவிட்டதோ?” என்று மாணவி கேட்டாள். ஆசிரியை அருகில் வந்து, “மெழுகில் ஒன்றும் இல்லை அம்மா, தோலை இறுக்கிப் பிடி, பட்டையை மேலே தூக்காதே, தோலை ஒட்டினாற்போலவே பின்னால் இழு” என்று சொல்லி, மாணவியின் இடக்கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்து, அடுத்த பட்டையை அவளையே இழுக்கச் செய்தார். முடி சுத்தமாக வந்தது. உடனே அந்த இடத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார், அதற்கான காரணத்தையும் சொன்னார். பட்டையைத் தாம் வாங்கி இழுத்துக் காட்டிவிட்டு நகர்ந்திருந்தால் வகுப்பு விரைவாக முடிந்திருக்கும். ஆனால் மாணவியின் கை கற்றிருக்காது. பயிற்சிக் கட்டணம் என்று நாம் கொடுப்பது உண்மையில் இந்தத் திருத்தத்துக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு அடுத்தது, பயிற்சி யார் மீது நடக்கிறது என்பது. சிலிகான் தோலும் பொம்மைத் தலையும் முதல் வாரத்துக்குப் போதும். அதன்பின் சக மாணவிகள் மீதும், பிறகு வெளியிலிருந்து வரும் உண்மையான வாடிக்கையாளர்கள் மீதும் செய்ய வேண்டும். பதினெட்டு வயதுத் தோழிகளின் தோலில் மட்டுமே பேஷியல் செய்து பழகியவளுக்கு, அறுபது வயதுப் பெண்ணின் மெல்லிய, தளர்ந்த தோலில் எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று தெரியாது. புருவத்துக்கு த்ரெட்டிங் செய்யும்போது கண்ணிமையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது, அவர் கண் கலங்கினால் எங்கே நிறுத்துவது, இரு புருவமும் சமமாக இல்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னால் எப்படி எதிர்கொள்வது என்பனவெல்லாம் பொம்மையிடம் கற்க முடியாதவை. முழுநேர நிலையத்தில் வாரத்தில் ஒரு நாள் பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் பயிற்சிக் கூடம் இருந்தது. அன்று ஒவ்வொரு மாணவியும் வாடிக்கையாளரை வரவேற்பதிலிருந்து பின்கவனிப்புக் குறிப்பைக் கையில் கொடுத்து அனுப்புவதுவரை தானே செய்கிறாள். குறுகிய காலப் படிப்பில், வாடிக்கையாளரை மாணவிகளே அழைத்துவர வேண்டும் என்றிருந்தது. அழைத்துவர ஆள் கிடைக்காத ஒரு பெண் அந்த நாள் முழுவதும் மற்றவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதே சான்றிதழ்தான் கிடைக்கும் என்பது எனக்கு வருத்தமளித்தது.

வாடிக்கையாளரைத் தொடுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகளை எவ்வளவு கண்டிப்பாகக் கற்பிக்கிறார்கள் என்பதிலும் ஒரு நிலையத்தின் தரம் தெரியும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவரின் தோல் மெலிந்து எளிதில் உரியக்கூடியதாகிவிடும். அவருக்கு வாக்ஸிங் செய்தால் முடியோடு தோலும் வந்துவிடக்கூடும். மாத்திரையை நிறுத்திய பின்பும் ஆறு மாதமாவது வாக்ஸிங் வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. இரவில் ரெட்டினால் கிரீம் பூசுபவரிடமும் கவனம் தேவை. நிரந்தர முடிச்சாயங்களில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் 48 மணி நேரத்துக்கு முன்பே, சிறிதளவு சாயத்தைத் தோலில் பூசிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும். “போன முறை ஒன்றும் ஆகவில்லையே” என்று வாடிக்கையாளர் சொன்னாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏனெனில் ஒவ்வாமை பலமுறை பயன்படுத்திய பிறகும் தோன்றக்கூடியது. முழுநேர நிலையத்தில் ஒவ்வொரு மாணவியும் ஆலோசனை அட்டையை நிரப்பி ஆசிரியையிடம் காட்டிக் கையொப்பம் பெற்ற பிறகே கட்டிலருகில் செல்ல முடியும். நான் பார்த்த அன்று, அட்டையில் மருந்துகள் என்ற கட்டம் காலியாக இருந்ததால் ஒரு மாணவியை ஆசிரியை திருப்பி அனுப்பினார். ‘இல்லை’ என்று எழுதுவதும் காலியாக விடுவதும் ஒன்றல்ல என்று அவர் சொன்னது சரியான பாடம்.

தூய்மை விஷயத்தில் எல்லா இடங்களும் பேச்சில் சிறந்தவை. பார்க்க வேண்டியது மெழுகுப் பாத்திரத்தை. ஒருமுறை தோலில் பட்ட மரக்கரண்டியை மீண்டும் பாத்திரத்தில் விடுகிறார்களா, ஒவ்வொரு முறையும் புதிய கரண்டி எடுக்கிறார்களா என்பதைச் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். அடுத்து, நீல ஒளி வீசும் புற ஊதாப் பெட்டியைக் காட்டி அதுதான் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்கிறது என்று சொன்னால் அந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒளி படும் பக்கத்தில் மட்டுமே அது ஓரளவு வேலை செய்யும். ஏற்கெனவே கிருமிநீக்கம் செய்த கருவிகளை வைத்திருப்பதற்கே அது பொருத்தம். தோலைத் துளைக்கக்கூடிய, இரத்தம் படக்கூடிய உலோகக் கருவிகளுக்கு, உயரழுத்த நீராவியால் கிருமிகளை அழிக்கும் ஆட்டோகிளேவ் வேண்டும்: 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம். இந்த எண்களை மாணவிகளிடமே கேட்டேன். முழுநேர நிலையத்தில் இருவர் உடனே சொன்னார்கள், ஒருவர் குறிப்பேட்டைப் புரட்டிச் சொன்னார். குறுகிய காலப் படிப்பில் ஆட்டோகிளேவே இல்லை.

கருவி நிறுவனத்தின் அகாடமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே மிகச் சிறந்த பகுதியும் மிகப் பலவீனமான பகுதியும் ஒன்றாக இருந்தன. லேசர் முடிநீக்கப் பாடத்தை எடுத்தவர் கருவியின் இயற்பியலை அழகாக விளக்கினார். ஒளி முடிக்கு நிறம் தரும் மெலனினால் உறிஞ்சப்பட்டு வெப்பமாகி வேரைச் சுடுகிறது. அதே மெலனின் மேல்தோலிலும் இருப்பதால் கருநிறத் தோலில் அந்த வெப்பம் தோலையே சுட்டுவிடும் அபாயம் உண்டு. ஆகவே 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரைவிட 1064 நானோமீட்டர் என்டியாக் லேசர் கருநிறத் தோலுக்குப் பாதுகாப்பானது. தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் உருவாக்கி, பின்னர் மிக வெளிர்நிறம் முதல் மிகக் கருநிறம் வரை ஆறு வகைகளாக விரிந்த தோல் வகைப்பாட்டையும் அவர் தெளிவாகக் கற்பித்தார். ஆனால் செய்முறைக்கு வந்திருந்த மாதிரிகள் எல்லோரும் வெளிர்நிறத் தோல் கொண்டவர்கள். நான்காம் வகையிலிருந்து ஆறாம் வகைவரையுள்ள தோலில்தான் சூட்டுக்காயத்துக்குப் பின் கரும்படலம் படிவது அதிகம். அந்தத் தோலில் ஒருமுறைகூடக் கை வைக்காமல் தகுதி பெற்று வெளியே வருபவர், தமிழ் பேசும் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்கு எப்படிப் பாதுகாப்பாகச் செய்வார்? சேருமுன் நம் மக்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது: எந்தெந்தத் தோல் வகைகளில் செய்துபார்க்க வாய்ப்புக் கிடைக்கும்? விளம்பரப் படங்களில் உள்ள முகங்களைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

அந்த அகாடமியின் இன்னொரு குறை, எல்லாப் பாடமும் அவர்களுடைய ஒரே கருவியைச் சுற்றியே அமைந்திருந்தது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று மாணவி கற்கிறாள். அந்த எண் எதைக் குறிக்கிறது, வேறு நிறுவனத்தின் கருவியில் அதற்கு ஈடானது எது என்பது அவளுக்குத் தெரிவதில்லை. வேலைக்குச் சேரும் இடத்தில் வேறு கருவி இருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே ஏற்கெனவே அடிப்படைத் தகுதி பெற்று, அதே கருவியை வாங்கியிருப்பவர்களுக்கு அந்த அகாடமி பயனுள்ளது. முதன்முதலாகக் கற்க வருபவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிப்பின் கடைசி நாளில் கருவிக்கான கடன் திட்டத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். அந்த நேரத்தில், சிகிச்சைக்கு முன் சிறு இடத்தில் லேசரைச் செலுத்திச் சோதனைப் புள்ளி வைத்துவிட்டுத் தோலின் எதிர்வினைக்காக எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று பேசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இணையவழிப் பாடங்களை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தோலின் அடுக்குகள், முடி வளர்ச்சியின் மூன்று கட்டங்கள், முகத் தசைகளின் பெயர்கள், வேதிப்பொருள்களின் கார அமில அளவு ஆகியவற்றைக் காணொளியில் நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்பது வகுப்பில் வேகமாகக் குறிப்பெடுப்பதைவிடச் சிலருக்கு நன்றாகவே பயன்படும். குழந்தைகளை வைத்துக்கொண்டு இரவில் படிக்கும் பெண்களுக்கு அது பெரிய உதவி. நான் பார்த்த குறுகிய காலப் படிப்பின் கோட்பாட்டுப் பகுதி உண்மையிலேயே நன்றாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. ஆனால் செய்முறைத் தேர்வையும் மாணவி தன் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினால் போதும் என்று வைத்திருந்தார்கள். மெழுகின் சூட்டைத் தேர்வாளர் தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்க்க முடியாது. எத்தனையாவது முயற்சியில் எடுத்த காணொளி அது என்பதும் அவருக்குத் தெரியாது.

ஊசி மூலம் செய்யும் சிகிச்சைகளை ஒரே நாளில் கற்பிப்பதாக வரும் விளம்பரங்களைப் பற்றி மென்மையாக எழுத எனக்கு மனமில்லை. முகச் சுருக்கங்களைக் குறைக்க ஏற்றும் போட்யூலினம் நச்சு பல நாடுகளில் மருத்துவரின் மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கும் மருந்து. முகத்தில் நிரப்பியாக ஏற்றும் ஃபில்லர் தவறுதலாக இரத்தக்குழாய்க்குள் சென்றால் அந்தப் பகுதித் தோல் அழுகக்கூடும், மூக்கு, நெற்றிப் பகுதிகளில் நேர்ந்தால் பார்வையே பறிபோகக்கூடும். ஹயலுரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆனால் அதைச் சில மணி நேரத்துக்குள், சரியான அளவில், அதன் ஒவ்வாமை ஆபத்தையும் சமாளித்துக் கொடுக்கத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். நான் விசாரித்த ஓர் இடத்தில், இத்தகைய அவசரநிலை வந்தால் மாணவி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அருகிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். அதற்கு மேல் அங்கே கேட்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. இந்தத் துறைக்குள் செல்ல விரும்பும் பெண்கள் முதலில் தங்கள் நாட்டுச் சட்டம் யாருக்கு இதை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்பு, சான்றிதழை ஏற்றுக் காப்பீடு தருவீர்களா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் ஏற்க மறுக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு யாருடைய முகத்திலும் ஊசி ஏற்றக் கூடாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. பயிற்சிப் பெட்டி, தேர்வுப் பதிவு, மறுதேர்வு, சீருடை ஆகியவை உள்ளே அடங்குமா, தனியா என்பதை எழுதித் தரச் சொல்ல வேண்டும். முழுநேர நிலையம் இதில் நேர்மையாக இருந்தது, மறுதேர்வுக் கட்டணம் மட்டும் சற்று அதிகம். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு அவர்களிடமும் தெளிவான விதி இல்லை. கேட்ட பிறகுதான் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார்கள். சேருபவர்கள் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அந்த முழுநேர நிலையத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. நகப் பராமரிப்புப் பாடம் அங்கே பழைய நிலையிலேயே இருக்கிறது. ஜெல் நகப்பூச்சிலுள்ள அக்ரிலேட் வேதிப்பொருள்கள் உலராத நிலையில் தோலில் பட்டால் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஒவ்வாமை வரலாம். அப்படி வந்தால் நகக் கலைஞர் தொழிலையே விட வேண்டியிருக்கும். ஜெல்லை உலரவைக்கப் பயன்பட்ட டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. இவை இரண்டும் அவர்களின் குறிப்பேட்டில் இல்லை. ஆசிரியையிடம் சொன்னபோது, அடுத்த பருவத்தில் பாடத்தைத் திருத்துவதாகச் சொன்னார். நகக் கலையை மட்டுமே தொழிலாகக் கொள்ள நினைப்பவர்கள் அதுவரை அங்கே சேரக் காத்திருக்கலாம், அல்லது அந்தப் பாடத்தை மட்டும் வேறிடத்தில் கற்கலாம்.

என்னிடம் வேலை பார்க்கும் இளம்பெண்கள் இருவரை அந்த முழுநேர நிலையத்துக்கே அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி தோல் பராமரிப்பும் முடிநீக்கமும் கற்கிறாள், இன்னொருத்தி முழு டிப்ளமோவில் சேர்ந்திருக்கிறாள். பயிற்சிக் கூட நாளில் வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு வந்த வாரங்களில் அவர்கள் என் நிலையத்தில் ஆலோசனை அட்டையை நிரப்பும் விதமே மாறியிருப்பதைப் பார்க்கிறேன். மருந்துகள் என்ற கட்டத்தை இப்போது காலியாக விடுவதில்லை. லேசர் கற்கும் விருப்பம் இருவருக்கும் உண்டு. அதற்குக் கருநிறத் தோல் கொண்ட மாதிரிகளோடு செய்முறை நடத்தும் இடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை கருவி நிறுவனத்தின் அகாடமிக்கு அவர்களை அனுப்புவதாக இல்லை.